தோற்கும் பக்கம்: ஆக்லாந்தில் நான்கு மாதம்

1986 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆக்லாந்து துறைமுகத்தில் இறங்கினேன். அங்கே அது குளிர்காலம். மழை. கையில் ஒரு பை, ஆறு மாத விசா, சவிரியின் விலாசம். சவிரி எங்கள் மன்னார்க்காரன். என்னோடு இரண்டு கப்பல்களில் இயந்திர அறையில் எண்ணெய் துடைத்தவன். இப்போது பத்துக் கிலோமீற்றர் தள்ளி, பென்ரோஸில் வாடகை வீடு எடுத்து, பக்கத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் சூடு இருந்தது ஓர் அறையில் மட்டும். மற்ற அறையில் காற்சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் அதே கிடங்கில் எனக்கும் வேலை கிடைத்தது.

அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் மொரிட்டா என்ற ஜப்பானியர். என் வயதுதான், நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கால்களைப் பார்த்தபடி கேட்டார்:

"கப்பலில் இருந்தீர்களா?"

"ஓம். பதினாறு வருடம்."

"குதிகாலைத் தூக்காமல் நடக்கிறீர்கள். எங்கள் பள்ளியில் அதைப் பழகவே இரண்டு வருடம் வேண்டும்."

எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது அரைகுறை ஆங்கிலம். அது போதுமாக இருந்தது. அவர் சொன்ன பள்ளி பழைய வாள்பள்ளி. முந்நூறு வருடம் முன்பு ஒரு சிறு பிரபுவின் காவலாள் தொடங்கியது. சண்டைகள் ஓய்ந்துபோன காலம் அது. வெட்டத் தெரிந்தவர்கள், சண்டையையே பாராதவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. பலமாக அடித்தால் பழகுகிறவன் செத்துப்போவான். மெல்ல அடித்தால் ஒன்றும் படியாது. அதனால் அந்தக் காவலாள் ஒரு விதி வைத்தாராம்: இருவர் பழகும்போது, அதிகம் தெரிந்தவரே தோற்கும் பக்கம் நிற்க வேண்டும். பள்ளி அப்பனிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. நன்றாகத் தோற்கத் தெரிந்தவருக்கே போகும். ஒருமுறை தோஃபு என்ற சோயாக் கட்டி விற்கிறவர் ஒருவருக்குப் போனதாம்.

பள்ளியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன்.

மொரிட்டா சனிக்கிழமைகளில் எல்லர்ஸ்லியில் ஒரு தேவாலய மண்டபத்தில் அந்த வாளைக் கற்பித்துவந்தார். ஜூலை முதற் சனிக்கிழமை நானும் சேர்ந்து அந்தக் கையெழுத்தை வைத்தேன். பென்ரோஸிலிருந்து நடை அரை மணி நேரம். முன்காலத்தில் விரலைக் குத்தி இரத்தம் தொட்டு வைப்பார்களாம். எனக்குத் தூரிகையும் மையும் தந்தார். இரண்டு வாக்குறுதிகள். பள்ளியின் பெயரையும் பாடங்களையும் வெளியே பரப்பக் கூடாது. விட்டுப் போவதானால், நேரில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். எட்டாம் வகுப்போடு விட்ட என் தமிழ்க் கையெழுத்தில், கோணலாகப் போட்டேன்.

அங்கே எனக்கு முன்பே வந்திருந்தவர் ஒருவர்தான்: ஹெலன், பேக்கரியில் வேலை செய்பவர், ஐந்து வருடமாகப் பழகுகிறவர். நெடுவாளில் பன்னிரண்டு பாடங்கள், குறு வாளில் ஐந்து. ஒவ்வொன்றும் எங்கள் சிலம்பக்காரரின் அடிவரிசை போல, முன்கூட்டியே முடிவான அசைவுகள். வாள் ஓக் மரத்தில் செய்தது. இரும்பில்லை என்று இளக்காரமாக நினைத்தால் எலும்பு போகும். பாடங்களை விவரிக்கக் கூடாது. முதலாவதில் முக்கால்வாசியை மட்டும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. மொரிட்டா வாளைத் தலைக்கு மேல் உயர்த்தி மூன்று அடி வந்து என் நெற்றிக்கு வெட்டுவார். நான் கடைசிவரை காத்திருந்து, இடப்பக்கம் அரை அடி விலகி, அவர் மணிக்கட்டின் மேல் வாளைக் கொண்டுவந்து இரண்டு விரல் உயரத்தில் நிறுத்த வேண்டும். அவர் தோற்றுவிட்டார். ஆனாலும் கண்ணை எடுக்காமல் இருவரும் பின்வாங்கி, வணங்கிய பிறகுதான் மூச்சை விடலாம்.

ஒன்பது சனிக்கிழமைகளில் நான்கு பாடங்கள் படிந்தன. என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எதையும் படித்ததில்லை.

அந்த டிசம்பரில் மொரிட்டா ஜப்பான் போக இருந்தார். பள்ளித் தலைவர் முன் பதினேழு பாடங்களையும் செய்துகாட்டினால், ஆக்லாந்தில் கற்பிக்க அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் வருட முடிவோடு எல்லர்ஸ்லி வகுப்பை மூட வேண்டியதுதான்.

செப்டம்பரில் ஒருநாள் என்னைக் கூட்டிப்போகக் காரோடு வந்த சவிரி, மழைக்கு ஒதுங்கி வாசல் வாங்கில் உட்கார்ந்து கடைசிப் பாடத்தைப் பார்த்துவிட்டான். காரில் ஏறியதும் சிரித்தான்.

"மச்சான், அந்தாள் உனக்கெண்டு கையை நீட்டித் தாறார். நீ பெரிய வீரன் மாதிரி வெட்டுறாய். சின்னப்பிள்ளையளை வெல்ல விட்டு விளையாடுற மாதிரியெல்லோ கிடக்கு!"

"அதுதான்டா முறை."

"ஓம் ஓம், முறை. முறை இல்லாமல் ஒருக்கா வெண்டு காட்டு பாப்பம்."

எட்டு நாடுகளின் துறைமுகங்களில் சண்டை பிடித்தவன் நான். அந்த ஒரு கிழமையும் அவன் சொன்னது உள்ளே கிடந்து அரித்தது.

அடுத்த சனி, காலை பத்தே கால். முதற் பாடம். மொரிட்டா வாளை உயர்த்தினார். நான் காத்திருக்கவில்லை. முந்தி, இடப்பக்கம் போக வேண்டியவன் வலப்பக்கம் பாய்ந்து, கீழிருந்து வாளைத் தூக்கினேன். வழக்கமான இடத்தை நம்பி அவர் கை இறங்கியது. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம்.

அவர் வாளைக் கீழே போடவில்லை. இடக்கைக்கு மாற்றினார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்று அடி பின்வாங்கி, வணங்கினார். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். நான் வணங்கவும் மறந்து நின்றேன்.

ஹெலன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்தபோது, "வென்றுவிட்டீர்களா? சரி, கதவைத் திறந்து பிடியுங்கள்" என்றார்.

திங்கட்கிழமை மொரிட்டா மாவுக்கட்டுக் கையோடு வேலைக்கு வந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. இடக்கையால் பெட்டி இலக்கங்கள் எழுதினார். மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டிசம்பரில் போக முடியாது. தலைவருக்கு எழுதினேன். வகுப்பு நிற்காமல் நடந்தால் அடுத்த வருடம் வா என்பார். நின்றால் முடிந்தது."

"நான் செய்தது..."

"தெரியும். ஹெலனுக்கு எதிரே நிற்க ஆள் வேண்டும். நான்கு பாடம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை வந்து என் பக்கம் நில்லுங்கள். நான் வாயால் சொல்கிறேன்."

"எனக்குத் தோற்கத் தெரியாதே."

"அதைத்தான் அன்று பார்த்தேன்," என்று சிரித்தார். "வருவீர்களா?"

வருவேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஹேஸ்டிங்ஸ் பக்கத்து இறைச்சித் தொழிற்சாலையில் பருவ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தெற்கே நானூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். அன்றே டிக்கெட் வாங்கினேன். சவிரி நம்பவில்லை.

"விசர் கதையாடா இது? நான் சும்மா பகிடிக்குச் சொன்னதுக்கு அந்தாளின்ர கையை முறிச்சாய். இப்ப சொல்லாமல் ஓடுறியே?"

"நீ சொல்லிவிடு."

"நான் சொல்ல மாட்டன். அது உன்ர வேலை."

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பஸ் புறப்பட்டது. பக்கத்து ஆசனத்தில் பின்னல் ஊசிகளோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். "வழியனுப்ப யாரும் வரவில்லையா?" என்று கேட்டார். ஒருவனுக்குத்தான் தெரியும், அவனும் வரவில்லை என்றேன். அவர் பின்னலுக்குத் திரும்பிவிட்டார்.

தெற்கு நெடுஞ்சாலை எல்லர்ஸ்லி வழியாகத்தான் போகிறது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மரங்களுக்கு மேலே மண்டபத்தின் பச்சைத் தகரக் கூரை தெரிந்தது. மணியை அடித்து இறக்கிவிடச் சொல்லியிருக்கலாம். நெடுஞ்சாலையில் நிறுத்தமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்டுப் பார்க்கவில்லை. ஹெலன் என் கையை முறித்துவிடுவார் என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. அவர் இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தியிருப்பார். அதற்குத்தான் என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் வீட்டை விட்டு இறங்குகிறவன் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்' என்பான். நான் எத்தனையோ துறைமுகங்களை இரண்டும் சொல்லாமல் விட்டு வந்திருக்கிறேன், உறுத்தியதில்லை. சொல்லிவிட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தது ஆக்லாந்தில் மட்டும்தான்.

பஸ் மலைகளுக்கு இடையில் ஏறும்போது மணி பத்தே கால் தாண்டியிருந்தது. மொரிட்டா ஒற்றைக் கையை ஊன்றி வணங்கி வகுப்பைத் தொடங்கியிருப்பார். ஹெலன் வாளை ஏந்தி, எதிரே ஆளில்லாத தரையைப் பார்த்து நின்றிருப்பார். கொஞ்ச நேரம் எனக்காகக் காத்துமிருப்பார்கள்.