அத்தான் இசையமைத்த படம்

என் அக்காவின் கணவரைத் தொழிலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சுருதி" என்றால்தான் தெரியும். வயலின்காரர் ஒருவர் கம்பியைச் சரியாக முறுக்காமல் உட்கார்ந்தால், அடுத்த அறையிலிருந்தே முகம் சுளிப்பார். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு பாதி ஆயுளுக்கு மற்றவர்களின் மெட்டுக்குக் கீபோர்டு வாசித்தார். பாராட்டு அவர்களுக்கு, முதுகுவலி இவருக்கு. இதில் எனக்குத்தான் ஆத்திரம். அவருக்கு ஆத்திரமே வராததில் இன்னும் ஆத்திரம்.

நான் படத்தொகுப்பாளன். ஓர் இளம்பெண் இயக்கிய குறும்படத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது, "இசைக்கு யாரையாவது சொல்லுங்கண்ணா" என்றாள். யோசிக்காமல் அத்தானைச் சொல்லிவிட்டேன். இறந்துபோன மகனின் அறையில் தினமும் மாலை விளக்குப் போடும் ஓர் அப்பாவின் கதை அது. கடைசிக் காட்சியில் விளக்கைப் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வருவார். வசனமே கிடையாது. பார்த்து முடித்த அத்தான் அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

"இதை நான் பண்றேன்டா. சொதப்பினா என்னைத் திட்டு, அந்தப் பொண்ணை எதுவும் சொல்லாத."

சொந்தமாக அவர் இசையமைத்த முதல் படம். வீட்டின் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம். அப்பா அழும் இடத்தில் ஒன்றுமே வைக்கவில்லை. சுவிட்சைத் தடவித் தேடும் இடத்தில் வைத்தார். கதவைச் சாத்தியதும் ஒரே ஒரு சின்ன மணியோசை. திரை இருளும்வரை அது தேய்ந்துகொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் முடிவு.

ஒலிக்கலவைக் கூடத்தில் ஒலிப்பதிவாளர் பாதியில் நிறுத்தினார்.

"சார், பின்னாடி கீச்சுன்னு ஒரு சத்தம் ஓடுது. எல்லா டிராக்லயும் இருக்கு. கீபோர்டு அடாப்டர்ல ஏதோ கோளாறு."

"எங்க? சத்தமா வைங்க."

வைத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். இயக்குநர் பெண் கண்ணை இறுக்கி மூடினாள். அத்தான் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

ஒலிப்பதிவாளர் நல்ல மனுஷன். "விடுங்க சார், உச்சஸ்தாயில வர்ற சத்தத்தை மட்டும் வெட்டிடலாம்" என்று வெட்டினார். கீச்சொலி போனது. கூடவே, போர்வைக்குள் வைத்து அடித்ததுபோல் மணியும் மங்கிப்போனது.

"இப்ப எப்படி சார்?"

"முன்னாடி இருந்த மாதிரியேதான இருக்கு?"

இயக்குநர் பெண் அவசரமாக, "நல்லாத்தான் இருக்கு சார், இப்படியே விட்டுடலாம்" என்றாள். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"டேய், நீ சொல்லு."

ஊரையே ஏசும் என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. "மணி செத்துப்போச்சு அத்தான்" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம், "வேற ஆளை வெச்சுக்கறதுன்னா வெச்சுக்கோம்மா, தப்பில்ல. இல்லேன்னா இன்னொரு தடவை ரெக்கார்ட் பண்ண விடு" என்றார்.

"வேற ஆள் எதுக்கு சார்? நீங்களே பண்ணுங்க."

சோதித்துப் பார்த்த காது மருத்துவர், உச்சஸ்தாயி ஒலிகள் இனி கேட்காது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "நான் சொல்ற எதையும் காதுல வாங்கறதே இல்ல" என்று வருஷக்கணக்காகப் புலம்பிய அக்கா அன்று அழுத அழுகை இருக்கிறதே, அது முழுக்கத் தான் திட்டிய திட்டுகளுக்காக. அவளுடைய சங்கீத ஞானம் குக்கர் விசிலோடு சரி. ஆனாலும் ஹெட்போனை அவள்தான் மாட்டிக்கொண்டாள். வேறு அடாப்டரில் அவர் வாசிக்க, வேண்டாத சத்தம் வந்தால் கையைத் தூக்க வேண்டும்.

"ஏதோ உர்ருன்னு கேக்குதுங்க."

"அது நம்ம ஃபேன்டி. அதை நிறுத்து முதல்ல."

வேர்த்து வழிய முழுப் படத்துக்கும் மறுபடி வாசித்தார்.

சின்ன அரங்கில் படம் போட்டார்கள். நான் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன். அப்பா கதவைச் சாத்தினார். மணி ஒலித்தது. அரங்கில் ஒரு தும்மல்கூட இல்லை. அத்தான் அக்காவின் பக்கம் சாய்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்லைங்க. இன்னும் கேக்குது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய இசை தனக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்க, அசையாமல் காத்திருந்தார்.

"இப்பதான் முடிஞ்சுது" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.