மீட்டர் காட்டாத இருநூறு கிலோமீட்டர்

1. பத்தேகால்

ஒரு ஜனவரி மாதம், காலை ஒன்பதரை மணி. செம்பாக்கத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் முதலாளி கோபால் சார் வண்டியின் லாக் புக்கை என் மேஜைமேல் போட்டார். "மூர்த்தி, மூணு மாசமா பாக்கறேன். லிட்டருக்குப் பதினொண்ணு குடுத்த வண்டி பத்தேகால் குடுக்குது. டீசல் எங்க போகுது?" என்றார்.

நாங்கள் செய்தது போர்வெல் மோட்டார் சர்வீஸ். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் புதிது புதிதாக லேஅவுட் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கே மோட்டார் நின்றாலும் எங்கள் ஆட்கள் போக வேண்டும். அதற்கு ஒரு பிக்கப் இருந்தது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் பைப், செயின் பிளாக், முக்காலி, கேபிள் எல்லாம் ஏற்றலாம். நான் சர்வீஸ் சூப்பர்வைசர். வண்டியின் பராமரிப்பும் என் பொறுப்புதான்.

அது நல்ல வண்டி. வாங்கி ஆறு வருடம் ஆகி, ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. இன்ஜினைப் பிரித்ததே இல்லை. ஆயில், ஃபில்டர், பிரேக் ஷூ, இரண்டு பேட்டரி, ஒரு ரேடியேட்டர் ஹோஸ். அவ்வளவுதான் செலவு. கிளட்ச் பிளேட்கூட அந்த ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மாற்றினோம். வண்டி மேளாவில் விசாரிக்கிறவர்கள் "என்ன மைலேஜ்?" என்று முதலில் கேட்பார்கள். எனக்கு அதைவிட, அது எவ்வளவு வருடத்துக்கு மாறாமல் நிற்கிறது என்பதுதான் முக்கியம். இந்த வண்டி ஆறு வருடமும் லிட்டருக்குப் பதினொன்றிலேயே நின்றது.

அப்படி நின்றதற்குப் பாதிக் காரணம் வண்டி, பாதிக் காரணம் காதர் பாய். ஆறு வருடமும் அவர் ஒருவர்தான் ஓட்டினார். ஊரப்பாக்கத்துக்காரர், அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்ட மாட்டார். ரயில்வே கேட்டில் நின்றால் இன்ஜினை அணைத்துவிடுவார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளப்பாமல் ஒரு நிமிடம் சும்மா நிற்க விடுவார். ஆட்கள் அவசரப்படுத்தினால், "நீ எழுந்தவுடனே ஓடுவியா? அதுக்கும் அப்டித்தான்" என்பார்.

2. நான் எழுதிய ஒரு பக்கம்

மைலேஜ் குறைந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன், பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக்கிடம் கொடுத்து டீசல் தெளிக்கும் நாசில்களை டெஸ்ட் செய்யச் சொன்னேன். டேங்க், பைப், பம்ப் எங்கேயும் கசிவு இல்லை. புகையும் கறுப்பாக வரவில்லை.

எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் மிச்சம் இருந்தது ஓட்டுகிறவர் மட்டும்தான். அப்படித்தான் அப்போது நினைத்தேன். கோபால் சாரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "மாசம் கிட்டத்தட்ட இருபது லிட்டர் வித்தியாசம் வருது மூர்த்தி. சரியா ஒரு கேன். வெளியே எடுத்து வித்தா இப்படித்தான் வரும். நீங்க செக் பண்ணதை எழுதிக் குடுங்க" என்றார்.

ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். 'வாகனத்தில் பழுது ஏதும் இல்லை. குறைபாடு ஓட்டுநர் தரப்பில் இருக்கலாம்' என்று முடித்தேன். 'இருக்கலாம்' என்று போட்டதால் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லை வாசிக்கிறவர்கள் யாரும் கவனிக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காதர் பாயைக் கூப்பிட்டார்கள். கோபால் சார் கத்தவில்லை. "கொஞ்ச நாள் வேற ஆள் ஓட்டட்டும் பாய். நீங்க ஸ்டோர்ல இருங்க" என்றார். பாய் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு கோபால் சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இத நீங்களா எழுதினீங்கோ சார்?"

"செக் பண்ணதை எழுதினேன் பாய்."

"ஆறு வருசமா எம்பக்கத்துல குந்திகினு வந்தீங்கோ. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

சாவியை மேஜைமேல் வைத்தார். சீட்டுக்கு அடியில் இருந்த தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ஸ்டோருக்குப் போகவே இல்லை. அன்றைக்கு எனக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு மோட்டார் இறக்கும் வேலை இருந்தது. புது ஆள் வரவில்லை என்பதால் நானே வண்டியை எடுத்தேன். அவருக்கு ஏற்றபடி சீட்டு முன்னால் தள்ளியிருந்தது. என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டே வந்தது.

3. கல்லும் மீட்டரும்

புதிதாக வந்த டிரைவர் செல்வம், இளைஞன். முதல் மாதம் லாக் புக்கை முடித்தேன். பத்தேகால். இரண்டாவது மாதமும் பத்தேகால்.

கோபால் சார், "இவனுமா?" என்றார். இரண்டு பேர் திருடினால் இரண்டு அளவாகத்தான் திருடுவார்கள். கால் லிட்டர்கூடப் பிசகாமல் ஒரே அளவு எப்படி எடுப்பார்கள்?

அடுத்த வாரம் வண்டியை நான் எடுத்தேன். டீசல் நானே நின்று போட்டேன், டேங்க் மூடிச் சாவி என் பையில்தான் இருந்தது. வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தேன். பத்தேகால்.

பெட்ரோல் பங்கில் அளவு குறைவாகப் போடுகிறார்களோ என்று வேறு பங்குக்குப் போனேன். அதிலும் மாற்றம் இல்லை. அதற்குப் பிறகுதான், டீசலை விட்டுவிட்டு இன்னொரு பக்கம் யோசிக்கத் தோன்றியது. மைலேஜ் என்பது இரண்டு எண்கள். லிட்டர் ஒன்று, கிலோமீட்டர் ஒன்று. லிட்டரை மட்டும்தான் எல்லாரும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மதுராந்தகத்தில் ஒரு வேலை வந்தது. வண்டலூர் தாண்டியதும் ஜிஎஸ்டி ரோட்டோரத்தில் ஒரு கிலோமீட்டர் கல்லைப் பார்த்து மீட்டரைக் குறித்துக்கொண்டேன். கல் கணக்கில் சரியாக முப்பது கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டினேன். மீட்டரில் இருபத்தெட்டுதான் ஏறியிருந்தது.

வண்டியை விட்டு இறங்கினேன். லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த வெயிலில் நின்று முன் டயரைப் பார்த்தேன்.

முந்தின செப்டம்பரில் டயர் மாற்றியிருந்தோம். மழைக்காலத்தில் புது லேஅவுட்களில் ரோடு கிடையாது, சேறுதான். வண்டியின் அடிப்பகுதி கல்லில் இடிக்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். அதனால் ஒரு சைஸ் பெரிய டயராக நான்கையும் போடச் சொன்னேன். காதர் பாய் அப்போதே, "கம்பெனி சைஸே போடலாமே சார்" என்றார். "உயரம் வேணும் பாய்" என்றேன். டயர் கடை பில்லில் இருப்பது என் கையெழுத்து.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணும், டயர் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. வண்டி முப்பது ஓடினால் அது இருபத்தெட்டு என்று எழுதும். டீசல் முப்பதுக்குத்தான் செலவாகும். முப்பதைப் போட்டு வகுத்துப் பார்த்தேன். பதினொன்று வந்தது. வண்டி எப்போதும் கொடுத்த அதே பதினொன்று.

இதை நான் அன்றைக்கே போய்ச் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பழைய சைஸ் டயரை மாற்றிப் போட்டுவிட்டால் மைலேஜ் தானாக ஏறிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது என்றுகூட யோசித்தேன். பிறகு சொன்னேன்.

கோபால் சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அட, இவ்வளவுதானா விஷயம்? அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கு. விடுங்க."

"காதர் பாய் சார்..."

"ஆமா இல்ல? வரச் சொல்லுங்களேன். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

4. ஊரப்பாக்கத்தில்

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று தெரிந்ததும், உட்காரச் சொல்லாமல், "பின்னாடி இருக்காரு" என்று மட்டும் சொன்னார். பாய் ஒரு பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைத்தான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டயர், கல், மீட்டர். அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "முப்பதுக்கு ரெண்டு கொறையுதா?" என்றார்.

"ஆமா பாய்."

மனதுக்குள் கணக்குப் போட்டார். "மாசம் மூவாயிரம் ஓட்டுவேன். அப்ப இருநூறு கிலோமீட்டர் நான் ஓட்டினது கணக்குலயே வர்ல. ஓட்டினதுக்குத்தான் திருடன்னு பேரு. நல்லா கீது சார்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். சார் திரும்ப வரச் சொன்னார் என்றேன்.

"வேணாம் சார். அந்த வண்டிய எனக்குப் புடிக்கும். ஆனா இனிமே ஏறினா, ரோட்டப் பாக்க மாட்டேன், டேங்க் மூடியத்தான் பாத்துகினு இருப்பேன். அது ஓட்டறது இல்ல." பக்கெட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு மட்டும் பண்ணுங்கோ. தாம்பரம் ஸ்டாண்டுல, நான் கேன்ல டீசல் எடுத்து வித்தேன்னு பேச்சு, என்ன 'கேன் பாய்'னு கூப்புடறானுங்கோ. அங்க வந்து இத சொல்லுங்கோ."

அன்றைக்கே என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வண்டிகள் நிற்கிற இடத்தில் ஏழெட்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் யார், என்ன எழுதிக் கொடுத்தேன், எது தப்பு என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லு சார்" என்றார் ஒருவர். திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

டயர் விஷயம் டிரைவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. "அது எனுக்கே தெரியுமே சார், கம்பெனி வண்டிய பாத்துக்கற ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் இன்னொருவர். யாரோ ஒருவன், "அப்ப அந்தக் கேனு இன்னா ஆச்சு பாய்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சேர்ந்து சிரித்தார்.

அவரை ஊரப்பாக்கத்தில் இறக்கிவிடும்போது, "பேரு போவுமா பாய்?" என்று கேட்டேன்.

"போவாது சார். ஆனா இனிமே சும்மா கூப்புடுவானுங்கோ. நம்பிகினு கூப்புட மாட்டானுங்கோ" என்றார். கை கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவரை இரண்டொரு தடவை ரோட்டில் பார்த்திருக்கிறேன். வேனிலிருந்து கை காட்டுவார்.

5. இளைய சூப்பர்வைசர்களுக்கு

வண்டி இன்னும் மூன்று வருடம் ஓடியது. செல்வம் இரண்டு வருடத்தில் போனான், வேறொருவர் வந்தார். மூன்று கிளட்ச் பிளேட், ஒரு கியர் பாக்ஸ் வேலை. கடைசியில் விற்றபோது மைலேஜ் ஒன்பதரைக்கு வந்திருந்தது. பழைய சைஸ் டயரே போட்டிருந்ததால் இந்த முறை மீட்டர் சரியாகத்தான் இருந்தது. வண்டியின் ஆயுள் என்று நாம் சொல்வதில் ஓட்டுகிறவரின் காலுக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த மூன்று வருடம் எனக்குக் காட்டியது.

இப்போது வண்டி பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மைலேஜ் குறைந்தால் முதலில் கிலோமீட்டரைச் சரிபாருங்கள். ஒரு காலை நேரமும் ரோட்டோரக் கற்களும் போதும். கடைசியாக நீங்கள் என்ன மாற்றச் சொன்னீர்கள் என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். அதன்பிறகு டிரைவரிடம் போய்க் கேளுங்கள். கேட்காமல் எழுதாதீர்கள்.

தப்பான டயரைப் போடச் சொன்னது நான். தப்பான காகிதத்தை எழுதியதும் நான். உண்மை தெரிந்தும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான். ஆனாலும் 'நீ கொஞ்ச நாள் ஸ்டோரில் இரு' என்று என்னிடம் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.