கோபுரம் தெரிந்தால் எரியும் விளக்கு

மண்ணச்சநல்லூரிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் பாலத்தில் ஏறினால், என் டீசல் பிக்கப்பில் பல நாள் பேட்டரி விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. ஸ்ரீரங்கத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பினால் அணைந்திருக்கும். புது பேட்டரி போட்டேன், டைனமோவை மாற்றினேன். ஒரு மெக்கானிக் திருஷ்டி என்றார்; பூசணிக்காயும் உடைத்தேன்.

பாலத்துக்கு முன்னால் டோல்கேட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் ஜெபமாலை. கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறினார். பானெட்டைத் திறக்கவேயில்லை.

"தினமும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க" என்றவர், என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மீட்டரைப் பாருங்க சார்."

"அதைத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே."

கோபுரம் தெரிந்தது. வழக்கம்போல் செருப்பைக் கழற்றி, குதிகாலால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். விளக்கு எரிந்தது.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார். குனிந்து செருப்பை வெளியே இழுத்தார், விளக்கு அணைந்தது. டைனமோவுக்குப் போகும் ஒயர் அங்கே லூசாக இருந்தது. இத்தனை நாளாக அதை இடித்துக்கொண்டிருந்தது என் பக்தி.

"பெருமாளை நல்லா கும்பிடுங்க. செருப்பை மட்டும் கதவோரமா விடுங்க" என்றார், சிரிக்காமல்.

ஒயரை இறுக்கிக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் கடை வாசலில் இறங்கித் தன் செருப்பை மாட்டிக்கொண்டார். முதலில் அவர் அதைக் கழற்றியது டாஷ்போர்டில் இருந்த ரங்கநாதருக்கு மரியாதையா, தன் செருப்பும் எந்த ஒயரிலும் இடிக்கக் கூடாதென்ற முன்னெச்சரிக்கையா? கேட்க வெட்கமாக இருந்தது. இன்றும் பாலத்தில் ஏறினால் கோபுரத்துக்கு முன் அவர் ஞாபகம்தான் வருகிறது.