காலியிடம் எண்ணும் புஷ்பவல்லி

பென்சில் முனையால் தாளைத் தொட்டுத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டிருக்கிறார் புஷ்பவல்லி. பதினான்கில் நிறுத்தி, ஓரத்தில் குறித்துக்கொள்கிறார். குனிந்து பார்த்தேன். அவர் தொட்ட இடத்தில் எழுத்தே இல்லை. வெறும் வெள்ளைத் தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடி. நான்கு கணினிகள். பழைய இயந்திரக் கையேடுகளை எக்ஸ்எம்எல் என்னும் புதிய கோப்பு முறைக்கு மாற்றித் தருகிறார்கள். இது தலைப்பு, இது அட்டவணை என்று ஒவ்வொரு பகுதிக்கும் குறி போட்டுவிட்டால் எந்தக் கணினியும் படித்துக்கொள்ளுமாம். புஷ்பவல்லிக்கு நாற்பத்தாறு வயது. ரயில்வே அலுவலகத்தில் பதினெட்டு வருடம் தட்டச்சு செய்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கணினிமுன் உட்காருவார். பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டைப் பொத்தான்கள் சமதூரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்.

"காலியிடத்தை ஏன் எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"டைப்ரைட்டர்ல எழுத்துக்கும் ஒரு தட்டு, ஸ்பேஸுக்கும் ஒரு தட்டு. ரெண்டையும் நான்தானே தட்டினேன்? இப்ப மட்டும் அது ஒண்ணுமில்லாம போயிருமா?"

போன மாதம் இதற்காகவே ஒரு சண்டை. ஒரு கிரேன் கையேட்டை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். முதலாளி விஜயன், வயதில் இளையவர், கோப்பைச் சுத்தம் செய்ய ஒரு புரோகிராம் வாங்கியிருந்தார். எங்கெல்லாம் இடைவெளி நீளமோ அங்கெல்லாம் அது ஒரே ஒரு இடமாகச் சுருக்கிவிடும். கையேட்டில் எடை அட்டவணை ஒன்று இருந்தது. கிரேனின் பக்கக் கால்களைத் தரையில் ஊன்றாமல் எவ்வளவு தூக்கலாம் என்பது முதல் பத்தி, ஊன்றினால் எவ்வளவு என்பது இரண்டாவது. கிரேனிலிருந்து சுமை இருக்கும் தூரம் கூடிய வரிகளில் முதல் பத்தி காலி. தூக்கவே கூடாது என்று அர்த்தம். புரோகிராம் அந்தக் காலியைச் சுருக்கியதும் இரண்டாவது பத்தியின் எண் முதல் பத்திக்கு நகர்ந்துவிட்டது.

"எல்லா நம்பரும் இருக்குக்கா. ஒண்ணும் குறையல லா," என்றார் விஜயன்.

"நம்பர் இருக்கு. இடம் எங்க?"

சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட புஷ்பவல்லி மறுத்துவிட்டார். விஜயனுக்குக் கோபம். "ஆள் இல்லன்னு நெனச்சுட்டீங்களா? வேற ஆளப் போட்டுக்குவேன்."

புஷ்பவல்லி சுருங்கிய அட்டவணையை அச்செடுத்த தாளையும் பழைய கையேட்டின் பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் கிரேன் ஓட்டும் சின்னையாவை அவருக்கு முன்பின் தெரியாது. வாசலில் விசாரித்துப் பிடித்தார்.

"அண்ணே, பன்னெண்டு மீட்டர் தூரம். கால் ஊனல. எவ்வளவு தூக்குவீங்க?"

சின்னையா தாளில் விரலை ஓட்டினார். "நாலு டன் போட்டிருக்கே. தூக்கலாம்."

பழைய கையேட்டின் பக்கத்தை அருகில் விரித்தார் புஷ்பவல்லி. சின்னையா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "யாரக்கா இத அடிச்சது? வண்டி கவுந்துரும். கீழ நிக்கிறவன் எங்க போவான்?"

அந்த வார்த்தையை அப்படியே கொண்டுவந்து விஜயனிடம் சொன்னார். விஜயன், "சரிக்கா, காலியில ஒரு கோடு போட்டுரலாம்" என்றார்.

"அவங்க புக்ல இல்லாதத நாம எழுதக்கூடாது."

இடைவெளியைத் தொடாதே என்று கணினிக்குக் கட்டளையிடும் குறி ஒன்று இந்த முறையிலேயே இருக்கிறது. அதை அட்டவணையின் தலையில் போட்டார். பின்னால் வரும் வேறு யாராவது அதைத் தேவையில்லை என்று எடுத்துவிடலாம் அல்லவா? அதனால் அச்சில் வராத, கோப்பைத் திறப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு குறிப்பையும் எழுதினார். "இங்கே காலியாக இருப்பது பிழையல்ல. தூக்காதே என்று பொருள். சுருக்கினால் ஆள் சாவான்." மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. ஒப்படைப்பு இரண்டு நாள் தள்ளிப்போனது. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டவர் விஜயன்தான்.

அந்தக் குறிப்பை எனக்குத் திரையில் காட்டினார் புஷ்பவல்லி. கடைசி வரியில் அவர் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது.

பின்னால் நின்ற விஜயன் சிரித்தார். "வீட்டு நம்பர் எதுக்குக்கா?"

"சந்தேகம் வந்தா யார்கிட்ட கேப்பான்?"

சொல்லிவிட்டு, தன் எண்ணுக்குக் கீழே இன்னொரு எண்ணுக்கு ஒரு வரி இடம் விட்டு, விசைப்பலகையை விஜயன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.