கால் உயரம் கால் பங்கு அன்று

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கரைக்கு அப்பால், கடலில் மிதக்கும் சிறிய மீன்பண்ணை ஒன்றை என் கணவர் நடத்துகிறார். கூண்டு மீன்களுக்குக் காற்றூட்டும் பம்ப் டீசலில் ஓடுகிறது. படுக்கவைத்த உருளைத் தொட்டியில் டீசல் நிற்கும் உயரத்தை அவர் அளந்து சொல்ல, எத்தனை லிட்டர் மீதி என்று நான் வீட்டில் எக்செலில் கணக்கிடுவேன். பாதி உயரத்துக்குப் பாதி, கால் உயரத்துக்குக் கால் என்பதே என் சூத்திரம். பாதியானதும் நிரப்பிவிடுவோம், ஆகவே பிழை வெளிப்படவில்லை.

சென்ற மாதம் டீசல் படகு வரத் தாமதமாகி, தொட்டியில் டீசல் கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. "நாளைக்கு மதியம் வரைக்கும் தாங்கும்ங்க" என்று உறுதி கூறினேன். மறுநாள் காலையிலேயே அழைத்தார்.

"என்னம்மா கணக்குப் போட்ட? பம்ப் விட்டு விட்டு ஓடுது லா! மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது!"

"பக்கத்துப் பண்ணையில டீசல் கேளுங்க, சீக்கிரம்!"

அவர்கள் தந்த டீசலால் மீன்கள் பிழைத்தன.

அன்றே தாளில் ஒரு வட்டம் வரைந்து பார்த்தேன். அடிப்பகுதி குறுகுவதால், கால் உயரத்தில் கால் பங்கு இராது. டீசல் நிற்கும் வட்டத்துண்டின் பரப்பைக் கண்டு, தொட்டியின் நீளத்தால் பெருக்கும்படி சூத்திரத்தைத் திருத்தினேன். படுக்கவைத்த பாட்டிலில் வெவ்வேறு உயரங்களுக்குத் தண்ணீர் ஊற்றி அளந்து, விடை பொருந்திய பின்னரே அதை நம்பினேன். இப்போது எந்தக் கணக்கையும் அவ்வாறு சோதித்தே அவருக்குச் சொல்கிறேன்.

இவ்வாரம் எங்கள் கொடுவா மீன்கள் தேக்கா சந்தைக்கு வருகின்றன.