அப்பாசாமி புகார் கொடுக்கப் போனார்

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் ஓடிய நல்ல கார்களையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டது. காஜா பெராங்கில் இருந்த அப்பாசாமியின் ஆஸ்டின் மாதிரி சில பழைய வாடகைக் கார்களை மட்டும், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும் என்று விட்டுவைத்தார்கள். பெட்ரோல் கிடையாது. பின்பக்கம் ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் அப்பாசாமி காரை ஓட்டினார். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, துரை வீட்டில் டிரைவராக இருந்து, பிறகு வாங்கிய கார் அது. பெண்டாட்டி பொன்னம்மாவைவிட அதனோடுதான் அதிகம் பேசுவார் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

ஒருநாள் காலை, அரிசி வரிசையில் நின்றுவிட்டு வந்தவர், கொட்டகை காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். சற்று நேரம் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை. பிறகு தரையைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்திருந்தால் சாம்பல் சிந்தியிருக்கும். சிந்தவில்லை. அப்படியானால் தள்ளிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காரின் பிரேக் இறுகிக்கொள்ளும். அடியில் நுழைந்து ஒரு கம்பியை இழுத்தால்தான் சக்கரம் நகரும். அந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர், ஜாலான் பெண்டஹாராவில் பட்டறை வைத்திருந்த நண்பர் ராஜரத்தினம்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தார். யாரும் எதையும் பார்க்கவில்லையாம். ‘பார்த்தேன்’ என்று சொல்ல அந்த நாளில் எவருக்குத் துணிச்சல் இருந்தது?

“போலீசுக்குப் போறேன்” என்றார்.

பொன்னம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். “வேணாங்க. போனது போகட்டும்லா. காடி இல்லன்னா உசுரா போயிடும்?”

“போகும். ஜப்பான்காரன எதுத்துக் காட்டுல ஒளிஞ்சிருக்கிறவனுங்க கையில அது கெடைச்சா, நான்தான் குடுத்தேன்னு கெம்பெத்தாய், அந்தப் பட்டாளப் போலீசு, என் தலையை வாங்கிடுவான்.”

அவர் பயம் நியாயமானதுதான். ஆனாலும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதது அவர் மனதில் முள்ளாகக் குத்தியது.

ஸ்டேஷனில் கணேசமூர்த்தி என்ற தமிழ்க் கான்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். நாற்காலியில் இருந்த ஜப்பானிய அதிகாரி முதல் கேள்வியையே அறையோடு ஆரம்பித்தான். வண்டியை யாருக்கு விற்றாய்? எந்தக் காட்டுக்கு அனுப்பினாய்? அறை விழ விழ அப்பாசாமி ஒரே பதிலைத்தான் சொன்னார். கடைசியில் கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, யார் மேலயாச்சும் சந்தேகம்னு ஒரு பேரைச் சொல்லிட்டா ஒங்கள விட்டுருவான்.”

ராஜரத்தினத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. அப்போது உள் அறையிலிருந்து ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் கைவிரல்கள் கண்ணால் பார்க்கும்படியாக இல்லை. யாரோ அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

“யார் மேலயும் சந்தேகமில்ல” என்றார் அப்பாசாமி.

இன்னும் நாலு அடி போட்டு, சாயங்காலம் விரட்டிவிட்டார்கள். வீங்கிய முகத்தோடு வாசலில் கால் வைத்தவரிடம் பொன்னம்மா கேட்ட முதல் கேள்வி:

“யார் பேரையாச்சும் சொன்னீங்களா?”

அவளுக்கு ஏன் அந்தக் கவலை? மறுநாள் ராஜரத்தினத்தின் பட்டறைக்குப் போனால் பூட்டிக் கிடந்தது. இவளும் அவனும் சேர்ந்து என்ன செய்கிறார்கள்? அதற்குமேல் நினைக்கக் கூசியது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அவள் போட்ட மரவள்ளிக் கிழங்கைத் தலை நிமிராமல் தின்றார். அவள் கிளேபாங்கில் ஜப்பான் அதிகாரிகள் பங்களாவுக்குத் துணி துவைக்கப் போகும்போது, தூரத்தில் பின்தொடர்ந்தும் பார்த்தார். அவள் போனாள், துவைத்தாள், திரும்பினாள்.

சில வாரம் கழித்து லாரிகள் வந்தன. மிச்சமிருந்த வாடகைக் கார்களையும், அவற்றை ஓட்டியவர்களையும் சேர்த்து சயாமுக்கு, ரயில் பாதை போடும் இடத்துக்கு, அள்ளிக்கொண்டு போனார்கள். புக்கிட் காதிலில் வாடகைக் கார் ஓட்டிய நல்லையாவும் போனார். கார் இல்லாத அப்பாசாமியை எவனும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் பொன்னம்மா வாய் திறந்தாள். காரோடு ஓட்டுகிறவனையும் அள்ளப்போகிறார்கள் என்று பங்களா சமையல்காரன் அவளிடம் முன்னமே சொல்லியிருக்கிறான். அவள் ராஜரத்தினத்திடம் ஓடியிருக்கிறாள். இருவரும் காரைத் தள்ளிப்போய் மாட்டுவண்டியின் பின்னால் கட்டி இழுத்து, கிளேபாங் தென்னந்தோப்பில் பிரித்துப் புதைத்துவிட்டார்கள். அதோடு ராஜரத்தினம் பட்டறையைப் பூட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா? ஒங்களுக்குப் பொய்யும் வராது. ஸ்டேஷன்ல ரெண்டு அடி போட்டா எல்லாம் வெளிய வந்துரும்.”

“அடி வாங்கினது நான்.”

“தெரியும்” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அவர் வெகுநாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளைப் பின்தொடர்ந்ததையும் சொல்லவில்லை. நல்லையா இனித் திரும்பி வரமாட்டார் என்று உறுதியான பிறகுதான் வீட்டில் பழைய பேச்சு மெல்லத் திரும்பியது.

யுத்தம் முடிந்ததும் அப்பாசாமி பஸ் ஓட்டப் போனார். ராஜரத்தினமும் பட்டறையைத் திறந்தார். ஒருநாள் தேநீர்க் கடையில், “நெஜமாவே என் பேரச் சொல்லலியா, அப்பாசாமி?” என்று கேட்டார்.

“சொல்லியிருந்தா நீ இங்க ஒக்காந்திருக்க மாட்ட.”

ராஜரத்தினம் தலையாட்டினார். ஆனாலும் நம்பியும் நம்பாமலும் அப்பாசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.