அத்தான் தூங்கினால் வாங்கலாம்

அத்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். துணிப்பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுப்பார். நீல உறை, ஒரு மூலையில் மட்டும் தையல் வேறு நிறம். கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் ஏறிப் படுப்பார். வண்டியை விற்க வந்தவர் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மூச்சு சீராகி, வாய் லேசாகத் திறந்தால் வண்டி தேறிவிட்டது என்று அர்த்தம். புரண்டு புரண்டு படுத்துவிட்டு எழுந்து வந்தால், "இது வேணாம்" என்பதோடு சரி. ஏன் என்று கேட்டால், "தூக்கம் வரல. வேற என்ன சொல்லச் சொல்றே?" என்பார்.

வேலை, லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, இவ்வளவுதான் அவருடைய அறை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் தூங்குவார். முன்சக்கரம் இரும்புத் தகட்டில் ஏறியதும் தானாகக் கண் திறந்துவிடும். "மனுஷன் தூங்கறாரேன்னு மெதுவா ஏத்தினாக்கூட முழிச்சுக்கறாருய்யா" என்று லாரிக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

இந்தத் தூக்கத்துக்கு மவுசு வந்தது மைத்துனரால். மனைவியின் தம்பியான அவர் பிளாஸ்டிக் வாளி செய்கிறவர். வாளி முதலாளி என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் முதன்முதலில் ஒரு பழைய வேனைப் பார்க்கப் போனபோது, துணைக்குப் போன எடைமேடைக்காரர் அசதியில் அதிலேயே தூங்கிவிட்டார். அந்த வேன் வருஷக்கணக்கில் ஒரு நாள் மக்கர் பண்ணவில்லை. அடுத்த வேனில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மைத்துனர் கேட்காமல் வாங்கினார்; அது வாசலைத் தாண்டுவதற்குள் அச்சு முறிந்து படுத்துவிட்டது. அன்று பிடித்து, குடும்பத்தில் எது வாங்கினாலும் அத்தான் தூங்கிப் பார்க்க வேண்டும். சோபா, வீடு, வாடகைக் கடை எதுவும் விலக்கில்லை. மைத்துனரின் மகள் பல் மருத்துவமனை தொடங்கியபோது நாற்காலியையும் அவர்தான் தூங்கிப் பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதால், அந்த நாற்காலிக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்று எடுத்துக்கொண்டார்கள். தன் சொந்த மகளின் சம்பந்தத்தைக்கூட, மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பேச்சுவார்த்தைக்கு நடுவே தூங்கித்தான் முடித்துவைத்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு நாள் மைத்துனரிடமிருந்து போன் வந்தது. "அத்தான், தலையணையை எடுத்துக்கிட்டு வாங்க. விமானம் ஒண்ணு பார்த்திருக்கேன்."

"டிக்கெட்டா?"

"விமானம், அத்தான். எட்டு சீட்டு. பழசுதான், ஆனா நல்லா வெச்சிருக்காங்க. பெருசா வாங்கினா வெளியில பேசுவாங்க, சின்னதா வாங்கினா எங்க வீட்டுலயே பேசுவாங்க. அதான் நடுவாந்தரமா ஒண்ணு."

நடுவாந்தரமானதற்கே மைத்துனர் தன் மூன்று தொழிற்சாலைகளில் ஒன்றை விற்றாக வேண்டும். வாளிக்குக் கைப்பிடி மாட்டும் தொழிற்சாலை அது. அதை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன. மைத்துனரின் மனைவி சண்டையெல்லாம் போடவில்லை. "விமானம் வாங்குங்க, ராக்கெட் வாங்குங்க. ஆனா அண்ணன் தூங்கினாத்தான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எடைமேடைக்காரருக்குத் தலையணையை எடுக்கவே மனமில்லை. காரணம், அவருக்கு இப்போது தூக்கமே கிடையாது.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து இந்தக் கூத்து. அந்த அம்மாள் விடும் குறட்டை ஏனோதானோ என்று இருக்காது. முதலில் "குர்ர்ர்ர்" என்று அடிவயிற்றிலிருந்து இழுக்கும். பிறகு நின்றுபோகும். நின்றேபோய்விட்டதோ என்று பக்கத்தில் படுத்திருப்பவர் கவலைப்பட ஆரம்பிக்கும்போது, "ப்ப்பூ" என்று வெளியே வரும். கல்யாணமான புதிதில் இவர் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு படுத்ததுண்டு. எடுத்துச் சொன்னால், "நானா? குறட்டையா? கனவு கண்டிருப்பீங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். இந்த வழக்கு இத்தனை வருஷமாகத் தீர்ப்பில்லாமல் கிடந்தது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தனக்குக் கண் மூடாது என்பது, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

யாரிடம் சொல்வது? குடும்பத்தில் அவருக்கென்று இருந்த ஒரே பெருமை தூக்கம். போனில் மனைவி, "நல்லாத் தூங்கறீங்களா?" என்று கேட்டால், "எனக்கென்ன, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கறேன்" என்பார். எடைமேடையில் ஒரு லாரிக்காரர் எடை எவ்வளவு என்று கேட்டதற்கு, கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிவிட்டார். அவள் இல்லாமல் அவர் தவித்துப்போயிருந்தார். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

விமானக் கொட்டகையில் விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு காத்திருந்தார். என்ஜின் அறிக்கை, பறந்த கணக்கு, பழுது பார்த்த கணக்கு என்று மேசை நிறையக் காகிதம். "உங்க இன்ஜினியர் வந்துட்டாரா சார்?" என்று கேட்டார். வாளி முதலாளி, துணிப்பையோடு நின்ற அத்தானைக் காட்டினார்.

"சார் எந்தக் கம்பெனி?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

விற்பனைக்காரர் அதை ஒரு கம்பெனியின் பெயராக எடுத்துக்கொண்டு மரியாதையாகக் கை கொடுத்தார்.

செருப்பைப் படிக்கட்டின் அடியில் விட்டுவிட்டு எடைமேடைக்காரர் தலையைக் குனிந்து உள்ளே ஏறினார். வெளிர் பழுப்பில் தோல் இருக்கைகள், எதிரும் புதிருமாக. இரண்டை இழுத்துச் சேர்த்தால் படுக்கை. கைப்பிடி இடுக்கில் முந்தைய முதலாளி விட்டுப்போன ஒரு மிட்டாய் இருந்தது. "பழசுன்னா இப்படித்தான், எதையாவது விட்டுட்டுப் போவாங்க" என்று சொல்லிக்கொண்டே தலையணையை வைத்துப் படுத்தார்.

தூக்கம் வரவில்லை. இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். கதவருகே மைத்துனர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பத்து வயசுப் பையன் பொம்மைக் கடையில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். எடைமேடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை, மானமும் விடவில்லை. கண்ணை மூடி, மூச்சைச் சீராக்கி, வாயை லேசாகத் திறந்து வைத்தார்.

"வாய் திறந்துடுச்சு!" என்று மைத்துனர் கிசுகிசுத்தார். "பேனாவைக் குடுங்க."

பேனாவின் மூடி கழன்ற சத்தம் கேட்டது. ஒரு தொழிற்சாலையே தன் வாயில் தொங்குவதை நினைத்து அவருக்கு வியர்த்தது. எழுந்துவிடுவோம், மானம் போனால் போகட்டும் என்று அவர் முழங்கையை ஊன்றியபோதுதான், உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று விற்பனைக்காரரோடு வந்திருந்த மெக்கானிக் போய் வாலில் இருக்கும் சின்ன என்ஜினை ஓடவிட்டார். தலைக்கு மேல் காற்று வரும் துளை உயிர் பெற்றது.

குர்ர்ர்ர்.

நின்றது. எடைமேடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ப்ப்பூ.

அடுத்த குர்ரைக் கேட்க அவர் விழித்திருக்கவில்லை.

சத்தம் நின்றபோது கண் திறந்தார். வெயில் கொட்டகையின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. மைத்துனர் எதிர் இருக்கையில், மடியில் ஒப்பந்தமும் கையில் பேனாவுமாக, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். "என்ன தூக்கம் அத்தான்! அந்தப் பல் நாற்காலியில கூட இப்படித் தூங்கலயே! நீங்க எழுந்ததும் போடலாம்னுதான் வெச்சிருக்கேன்."

மெக்கானிக் குறுக்கே வந்தார். "சார், அந்தக் காத்து வர்ற இடத்துல ஒரு விசிறி தேஞ்சிருக்கு. இந்தச் சத்தம் வரக் கூடாது. வண்டியைக் குடுக்கிறதுக்கு முன்னாடி மாத்திடறோம், அப்புறம் கப்சிப்னு இருக்கும்."

எடைமேடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "மாப்ளே, கையெழுத்துப் போடாதே."

"ஏன் அத்தான்? அசந்து தூங்கினீங்களே!"

"விமானத்துக்காகத் தூங்கல." தலையணை உறையைத் தடவினார். "உங்க அக்கா ஊருக்குப் போனதுலேருந்து எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. முதல்ல நான் தூங்கினது நடிப்பு. அப்புறம் தூங்கினது…" மெக்கானிக் பக்கம் திரும்பினார். "தம்பி, அதை இன்னொரு தடவை போடுங்க."

மெக்கானிக் போட்டார். குர்ர்ர்ர். நின்றது. வாளி முதலாளியின் முகம் மெதுவாக மாறியது. அவரும் மூச்சைப் பிடித்தார். ப்ப்பூ.

"அக்கா!" என்றார்.

சின்ன வயதில் ஒரே அறையில் படுத்தவர் அவர். ஒவ்வொரு பரீட்சைக்கும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் படித்துத் தேறினார், சிலதில் தேறவில்லை. பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். ஒப்பந்தத்தை விற்பனைக்காரரிடம் நீட்டினார்.

"இது அக்காவுக்குத் தூங்கின தூக்கம் சார். விமானத்துக்குச் செல்லாது."

"புரியலயே சார்?"

"எங்க வீட்டுக்காரிக்குப் புரியும்."

விற்பனைக்காரர் காகிதங்களையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். சின்ன என்ஜின் அவர் செலவில் எரிபொருளைக் குடித்துக்கொண்டிருந்தது. இருவரும் இறங்குவதாக இல்லை. எடைமேடைக்காரர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் "என்னங்க?" என்றதும் கையை உயர்த்திக் காற்றுத் துளையின் வாயில் போனைப் பிடித்தார். ஒரு முழுக் குறட்டை போய்ச் சேர்ந்தது.

"யாருங்க அது பக்கத்துல?" அவள் குரல் விமானம் முழுக்கக் கேட்டது. "கர்ணகொடூரமா இருக்கு! இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மனுஷன் தூங்க முடியுமா?"

வாளி முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். எடைமேடைக்காரர் போனை அணைக்காமல் தலையணை ஓரத்தில் வைத்தார். சுவிட்சை நோக்கி நகர்ந்த மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்துவிட்டு, கண்ணாடியைத் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுத்தார்.